ஈஸி-அவுட் பெட்டி கடைசியில் வரட்டும்: உடைந்த ஸ்டட் எடுக்கும் கருவிகள், ஒரு மதிப்புரை

எஞ்சின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றும்போது, அதை ஹெட்டில் (சிலிண்டர்களின் மூடியில்) பிடிக்கும் தலையில்லாத மரைக்கம்பியான 8 மில்லி ஸ்டட் ஒன்று ஹெட்டோடு ஒட்ட முறிந்துவிட்டது என்று டூல்ஸ் கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் கையில் கிடைப்பது ஐந்து ஈஸி-அவுட் அடங்கிய சின்னப் பெட்டி. இணையக் கடைகளில் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். விலை சில நூறு ரூபாய். செய்முறையும் கேட்கச் சுலபம்: நடுவில் ஓட்டை போடு, இடப்பக்கமாக முறுக்கிச் செருகு, ஸ்டட் சுழன்று வெளியே வரும். அந்தப் பெட்டியையும், ரோலர் ஸ்டட் ரிமூவர், இடதுசுற்று டிரில், இண்டக்‌ஷன் ஹீட்டர், வெல்டிங், வெளியே கொடுத்துச் செய்யும் ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் அரித்தெடுப்பது) என்று இதே வேலைக்குக் காசு கேட்கும் மற்றவற்றையும் இங்கே எடை போடுகிறோம். எடைக்கல் ஒன்றே: அலுமினிய ஹெட்டில் இறுகிப்போன, 1.25 மில்லி பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) கொண்ட M8, அதாவது 8 மில்லி, எக்ஸாஸ்ட் ஸ்டட்.

வண்டி பட்டறையில் பிரிந்து கிடக்கிறது, படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்டட் இன்னும் முறியவில்லை என்றால் சூடும் ரோலர் ரிமூவரும். முறிந்து, முகம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் நட் வைத்து வெல்டிங். ஓட்டைக்குள் ஆழமாக முறிந்திருந்தால் நடு பிசகாமல் இடதுசுற்று டிரில். ஈஸி-அவுட்டோ டேப்போ (மரை வெட்டும் கருவி) உள்ளே உடைந்து கிடந்தால் வேறு எதையும் முயலாமல் ஸ்பார்க் எரோஷன். ஈஸி-அவுட் பெட்டிக்கும் ஓர் இடம் இருக்கிறது. அது கடையில் சொல்லும் இடம் இல்லை.

ஸ்டட் எதனால் முறிகிறது

கருவியை எடை போடுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 8.8 என்ற வலுத் தரத்தில் உள்ள புது M8 போல்ட்டை வெறும் முறுக்கால் உடைக்கக் குறைந்தது 33 நியூட்டன் மீட்டர் தேவை. M6 என்றால் 13, M10 என்றால் 66. 33 என்பது 15 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 22 கிலோ அழுத்தம், அவ்வளவுதான். ஒரு கையால் கொடுத்துவிடலாம். பல வருஷம் வெந்து துருவேறிய ஸ்டட் அதற்கும் குறைவாகவே தாங்கும். 'லேசாத்தான் அழுத்தினேன், பட்டுன்னு போயிடுச்சு' என்று மெக்கானிக் சொன்னால் அது பெரும்பாலும் உண்மை.

எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்கு இரண்டு எதிரிகள். முதலாவது மேனிஃபோல்ட் நீளுவது. 400 மில்லி நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 500 டிகிரி வரை சூடேறினால் சுமார் 2 மில்லி நீளும். அது பூட்டியிருக்கும் அலுமினிய ஹெட் 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் முக்கால் மில்லிகூட நீளாது. இந்த வித்தியாசம் முழுவதையும் இரண்டு ஓரங்களிலும் உள்ள ஸ்டட்டுகள்தான் வளைந்து வளைந்து வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் நாலு சிலிண்டர் எஞ்சினில் 1-ஆம், 4-ஆம் சிலிண்டர் பக்கத்து ஸ்டட்டுகள் முதலில் போகின்றன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும் சத்தம் இருந்தால் ஓரத்து ஸ்டட்டைப் பாருங்கள்.

இரண்டாவது எதிரி அரிப்பு. எஃகும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். அதில் உண்டாகும் வெள்ளைப் பொடி, அரித்துப்போன உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். மரையின் சந்தெல்லாம் அந்தப் பொடி இறுகிக் கிடப்பதால் ஸ்டட் சுழல இடமே இல்லை. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலும் வாட்டர் பம்பிலும் உள்ள 6 மில்லி போல்ட்டுகள் உடைவதும் பெரும்பாலும் இதனால்தான். கூலண்டுக்குப் பதில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம்.

ஈஸி-அவுட் ஏன் தோற்கிறது

கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும். உருளைக் கம்பி தாங்கும் முறுக்கு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பாதியானால் வலு எட்டில் ஒரு பங்கு. M8 ஸ்டட்டின் பயனுள்ள விட்டம் 6.8 மில்லி. அதற்குப் பொருந்தும் 3-ஆம் நம்பர் ஈஸி-அவுட் 4 மில்லி ஓட்டையில் உட்காரும். மும்மடிக் கணக்கில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஈஸி-அவுட்டின் எஃகு இரண்டு மடங்கு வலுவானது என்றே வைத்துக்கொண்டாலும் ஸ்டட் தாங்கிய முறுக்கில் பாதிகூடத் தேறாது. முழு ஸ்டட்டாலேயே அசைக்க முடியாத மரையை அதன் வயிற்றுக்குள் இறங்கிய மெல்லிய கூம்பு அசைக்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

இதோடு நிற்கவில்லை. சுருள் ஈஸி-அவுட் கூம்பு வடிவம். திருப்பத் திருப்ப ஆப்பு மாதிரி உள்ளே இறங்கும். 4 மில்லி ஓட்டை போட்ட பின் M8 ஸ்டட்டின் மரை அடிக்கும் ஓட்டைக்கும் நடுவே மிஞ்சுவது 1.2 மில்லி சுவர். ஆப்பு இறங்கியதும் அந்தச் சுவர் விரிந்து, ஏற்கெனவே இறுகியிருக்கும் மரையை மேலும் இறுக்கும். முறுக்கை ஏற்றினால் ஸ்டட் நகருவதற்கு முன் ஈஸி-அவுட் முறியும். கடினப்படுத்திய எஃகு என்பதால் வளையாது, எச்சரிக்கை தராது, கண்ணாடி மாதிரி உடையும். பிறகு சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில் அதன் மேல் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைத்தான் தின்னும். கால் மணி நேர வேலை ஹெட்டையே கழற்றும் வேலையாக மாறுவது இந்த இடத்தில்.

அப்படியானால் இது எதற்கு ஆகும்? மரை இறுகாமல், வேறு காரணத்தால் முறிந்தவற்றுக்கு நன்றாகவே ஆகும். அளவுக்கு மீறி டைட் வைத்ததால் தலை பறிந்த புது போல்ட், பக்கவாட்டு அடியில் வெட்டுப்பட்ட போல்ட், அதிர்வில் களைத்து உடைந்த போல்ட் ஆகியவற்றில் உள்ளே இருக்கும் துண்டு தளர்வாகவே இருக்கும். சென்டர் பஞ்ச் நுனியை ஓரத்தில் வைத்துத் தட்டினாலே சில சமயம் சுழலும். அங்கே ஈஸி-அவுட் சுலபமாக வேலையை முடிக்கும். வாங்குவதானால் கூம்புச் சுருளைவிட, ரிட்ஜிட் போன்றவர்கள் செய்யும் நேர்ப்பள்ள வகையை வாங்குங்கள். நீளவாக்கில் பல் வெட்டிய, கூம்பில்லாத கம்பி அது. ஓட்டைக்குள் அடித்து இறக்க வேண்டும். சுவரை அவ்வளவாக விரிக்காது, பிடியும் ஆழம் முழுவதும் கிடைக்கும். அந்தத் தொகுப்பில் டிரில்லை நடுவில் நிறுத்தும் வழிகாட்டிக் குழாய்களும் வருகின்றன. சுருள் பெட்டியில் எது இல்லாமல் பாதி வேலை கெடுகிறதோ அது இந்த வழிகாட்டிதான்.

முறியாத ஸ்டட்டுக்கு

ரோலர் ஸ்டட் ரிமூவர் இந்த வரிசையில் மனசார சிபாரிசு செய்யக்கூடிய கருவி. பார்க்கச் சாக்கெட் மாதிரி இருக்கும். உள்ளே மூன்று உருளைகள் சரிவுப் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். திருப்பும் முறுக்கு ஏற ஏற, உருளைகள் சரிவில் ஏறி ஸ்டட்டை மூன்று பக்கமும் சமமாக நெரிக்கும். விசை நடுவிலேயே போவதால் ஸ்டட் வளையாது. ஜப்பானின் கோக்கன் இந்த வகையை ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகச் செய்கிறது. முழு செட் தேவையில்லை. காருக்கு M8-உம் M10-உம் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். மலிவுப் போலிகளில் உருளையும் உள்சரிவும் மென்மையான எஃகு. இரண்டு மூன்று ஸ்டட்டுக்குப் பிறகு வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கிய இடம் வழவழப்பாகிவிட்டால் நல்ல கருவியும் அங்கே பிடிக்காது. இந்த ஒரு கருவியில் காசு பார்க்க வேண்டாம்.

அதன் வரம்பையும் சொல்ல வேண்டும். ஸ்டட் 10 மில்லிக்குக் குறையாமல் வெளியே நீண்டிருந்தால்தான் பிடி கிடைக்கும். மேல்மரை நசுங்கும், ஆகவே எடுத்த ஸ்டட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதுசு வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஒரே பல்சக்கரம் பக்கவாட்டில் அழுத்தும் கேம் வகை விலை மலிவு. ஆனால் அது ஸ்டட்டை ஒரு பக்கமாகத் தள்ளும். மூன்று நூல், நாலு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தடிமன் உள்ள பழைய லாரி, டிராக்டர் ஸ்டட்டுகளுக்குச் சரி, 8 மில்லிக்கு வேண்டாம். இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி உள்நட்டைத் திருப்பும் வழி செலவில்லாதது. மரை நல்லபடியாக இருந்து, ஸ்டட்டும் அதிகம் இறுகாமல் இருந்தால் அதுவே போதும். இறுகியிருந்தால் நட்டுகள் சேர்ந்து வழுக்கும். கிரிப் பிளையர் கடைசி. அதன் பல் ஸ்டட்டை நீள்வட்டமாக்கிவிடும்.

பழைய அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனி வம்சம், ஹெட் ஸ்டட்டுகள் மூன்று நூல், அதாவது 9.5 மில்லி. M10 ரோலர் ரிமூவர் அதில் தொளதொளவென்று உட்காரும். அங்குல அளவு தனியாக வாங்க வேண்டும்.

கையால் நீட்டி அழுத்துவதைவிட, சின்ன இம்பாக்ட் கன்னைக் குறைந்த வேகத்தில் வைத்து ‘டரக் டரக்’ என்று முன்னும் பின்னும் தட்ட விடுவது பாதுகாப்பு. முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூலிழை, பிறகு தளர்த்தும் பக்கமாக. ஸ்டட்டின் நுனியில் நேராகச் சுத்தியலால் நாலு அடி அடித்தால் மரைக்குள் இறுகிய பொடி நொறுங்கும். நுனி மரை கெடாமலிருக்கப் பழைய நட் ஒன்றைப் போட்டுக்கொண்டு அடியுங்கள்.

எண்ணெயும் சூடும்

எண்ணெயைப் பற்றி நிறைய எதிர்பார்ப்பு இருக்கிறது. நீல மஞ்சள் டப்பாவில் வரும் டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்டுவதற்காகப் பிறந்தது. பெயரே அதைத்தான் சொல்கிறது. அதே கம்பெனி துருவுக்குள் இறங்குவதற்கென்று தனியாக ஒரு பெனட்ரன்ட் செய்கிறது. இந்த வேலைக்கு வாங்கினால் அதை வாங்குங்கள். பட்டறைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் போட்டு ஊற வைப்பது வழக்கம். அதுவும் வெறும் கையைவிட நல்லதுதான். அசிட்டோனும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயும் பாதிக்குப் பாதி கலக்கும் செய்முறை எங்கும் சுற்றுகிறது. அவை இரண்டும் சரியாகக் கலக்காமல் பிரிந்து நிற்கும், குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும், தீப்பிடிக்கும் ஆபத்தும் அதிகம். எதுவானாலும் முந்தைய நாள் மாலையே ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டால்தான் பலன். தெளித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் ஸ்பேனர் வைப்பது எண்ணெயை வீணடிப்பது.

உண்மையில் வேலை செய்வது சூடு. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஹெட்டையும் ஸ்டட்டையும் சேர்த்து 150 டிகிரிக்குக் கொண்டுபோனால் 8 மில்லி ஓட்டையில் ஸ்டட்டைவிட நூறில் ஒரு மில்லி அதிக இடம் பிறக்கும். கேட்கச் சின்னதுதான், ஆனால் இறுகிய மரைக்கு அது நிறைய. ஓர் எச்சரிக்கை: அலுமினியம் சிவக்காமலேயே உருகும். வெப்பப் பதம் ஏற்றிய ஹெட்டை 200 டிகிரிக்கு மேல் நேரம் பிடித்து வைத்தால் அதன் உறுதியும் குறையும். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு பொட்டு கறுப்பு பெயின்ட் அடித்து அங்கே காட்டிப் பாருங்கள். சூடான ஸ்டட்டின் அடியில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இழுபடும். எண்ணெயைவிட இது ஆழமாகப் போகும், புகையும் குறைவு. ஸ்ப்ரே எண்ணெயை மட்டும் சூட்டின் மேல் அடிக்காதீர்கள், அது எரியும்.

1,000 வாட் கை இண்டக்‌ஷன் ஹீட்டர் இப்போது இணையத்தில் பரவலாகக் கிடைக்கிறது. சுருளை நட்டைச் சுற்றி மாட்டிப் பட்டனை அழுத்தினால் அரை நிமிஷத்துக்குள் நட் சிவந்துவிடும். தீ நாக்கு இல்லாததால் பக்கத்து ரப்பர், ஒயர் எல்லாம் தப்பிக்கும். வண்டியில் இருக்கும்போதே மேனிஃபோல்ட் நட்டுகளைக் கழற்ற இதைவிடச் சுத்தமான வழி இல்லை. தினமும் இந்த வேலை வரும் பட்டறைக்குக் கட்டாயம் தகும். வருஷத்துக்கு ஒரு முறை வீட்டில் செய்பவருக்கு அந்த விலை அதிகம், ஒரு கேஸ் டார்ச்சே போதும். அதோடு, ஸ்டட் ஹெட்டோடு ஒட்ட முறிந்துவிட்டால் சுருள் மாட்ட ஒன்றுமே இருக்காது. அப்போது இந்த இயந்திரத்தால் அதிகப் பயனில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதைக் கையில் எடுக்கவே கூடாது.

லாக்டைட்டின் ஃப்ரீஸ் அண்ட் ரிலீஸ் போன்ற குளிர் ஸ்ப்ரே எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது, சட்டென்று மைனஸ் 43 டிகிரிக்குக் குளிரவைத்துத் துருவில் விரிசல் உண்டாக்கும். சின்ன போல்ட்டுக்கு நன்று. பெரிய ஹெட்டில் புதைந்த ஸ்டட்டில் குளிர் ஆழம்வரை போகாது. ஸ்டட்டில் சிவப்பு லாக்டைட் 271 போட்டுப் பூட்டியிருந்தால் எண்ணெயும் குளிரும் உதவாது. 250 டிகிரிக்கு ஸ்டட்டைச் சூடாக்கி, சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டும். அலுமினியத்தில் அந்தச் சூட்டை ஸ்டட்டின் நுனியில் மட்டும் கொடுங்கள்.

நட் வைத்து வெல்டிங்

பட்டியலில் மிக அதிகம் ஜெயிப்பது இது, தனியாகக் கருவி எதுவும் வாங்கவும் வேண்டாம். ஸ்டட்டின் முகம் ஹெட்டுக்குச் சமமாகவோ ஒன்றிரண்டு மில்லி உள்ளேயோ இருந்தாலும் வேலை செய்யும். 0.8 மில்லி கம்பி போட்ட மிக் வெல்டிங் சிறந்தது. ஆர்க் மட்டுமே உள்ள பட்டறையில் 2.5 மில்லி ராடால் செய்யலாம், ஆனால் ஸ்லாக் (வெல்டிங் கசடு) நடுவில் சிக்கிக்கொண்டால் நட் தனியே பறிந்துவரும். ஒவ்வொரு முறையும் தட்டி எடுத்துவிட்டுத்தான் அடுத்த பொட்டு.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பெட்ரோல் லைனை மூடி, ஈரத்துணியும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். முகத்தை ஒயர் பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். எண்ணெய் இருந்தால் பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனரின் மீதி வெல்டிங் சூட்டில் நச்சு வாயுவாக மாறும். அசிட்டோனால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். முறிந்த முகத்தின் மேல் 8 மில்லி வாஷர் ஒன்றை வைத்து, அதன் ஓட்டை வழியே ஸ்டட்டின் நடுவில் வெல்டிங்கை ஆரம்பித்து நிரப்பி வாஷரோடு சேருங்கள். வாஷர் அலுமினியத்தைத் தெறிப்பிலிருந்தும் காக்கும். எஃகுக் கம்பி அலுமினியத்தில் பற்றாது, ஆனால் ஆர்க் நேராக அதில் பட்டால் உருகிவிடும். ஆகவே சுடர் நடுவை விட்டு நகரக் கூடாது. பிறகு நட்டை வைத்து உள்பக்கம் முழுவதும் நிரப்புங்கள். நட் பூச்சில்லாத கறுப்பு நட்டாக இருக்கட்டும். வெள்ளைத் துத்தநாகப் பூச்சு புகைந்து மூச்சுக்குக் கெடுதல், வெல்டிங்கும் குமிழ் குமிழாக வரும். அந்த நட்டுதான் இருக்கிறது என்றால் அரத்தால் பூச்சைச் சீவிவிடுங்கள்.

இங்கே ஜெயிப்பது நட் தரும் பிடி மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரிந்திருக்கிறது. வெல்டிங்கின் சூட்டில் ஸ்டட் சிவந்து விரிய முயலும். சுற்றியுள்ள ஹெட் விடாது. ஸ்டட் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். ஆறும்போது சுருங்கி, முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் மெலிந்து நிற்கும். ஆகவே சிவப்பாக இருக்கும்போது திருப்பாதீர்கள், வெல்டிங் பறிந்துவிடும். சிவப்பு அடங்கி, ஆனால் இன்னும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது மெழுகைத் தொட்டு, ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் மெதுவாக அசையுங்கள். கால் சுற்று அசைந்தால் திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவாருங்கள். முதல் நட் பறிந்தால் மனம் தளர வேண்டாம். மூன்றாவது, நாலாவது நட்டில் வருவது சகஜம். ஒவ்வொரு தடவையும் ஸ்டட் இன்னொரு முறை வெந்து சுருங்குகிறது.

வார்ப்பிரும்பு ஹெட்டில் மட்டும் இதே வேலை இரட்டைக் கவனம் கேட்கும். அங்கே வெல்டிங் ஹெட்டோடும் ஒட்டிக்கொள்ளும். முகம் உள்ளே போயிருந்தால் அங்கே இதைத் தவிர்த்து டிரில்லுக்குப் போங்கள்.

இடதுசுற்று டிரில்லும் நடுவும்

இடப்பக்கம் சுற்றும்போது வெட்டும் டிரில்லை ரிவர்ஸில் வைத்து ஓட்டினால், ஓட்டையும் விழும், ஸ்டட்டும் தளரும் பக்கமாகவே தள்ளப்படும். டிரில் முனை ஸ்டட்டைத் துளைத்து அழுத்தத்தைக் குறைத்ததும், உள்ளே இருக்கும் துண்டு தானாகவே சுழன்று வெளியே வருவதும் உண்டு. சாதாரண டிரில் அதே துண்டை ஆழத்துக்கு இறக்கும். தெருக் கடைகளில் இது கேட்டவுடன் கிடைக்காது, ஆர்டர் செய்து வாங்க வேண்டும். வாங்கும்போது 5 சதவீத கோபால்ட் கலந்த M35 வகையாக வாங்குங்கள். அந்த வகை கிடைக்காவிட்டால் அடிசன், மிராண்டா போன்றவர்களின் நல்ல வலதுசுற்று எச்.எஸ்.எஸ். டிரில்லும் ஓட்டை போடும், தளர்த்தும் உதவி மட்டும் கிடைக்காது.

ஆனால் எந்த டிரில் என்பதைவிட எங்கே துளைக்கிறது என்பதுதான் ஹெட்டைக் காப்பாற்றும். முறிந்த முகம் மேடுபள்ளமாக இருக்கும், டிரில் மென்மையான அலுமினியத்தின் பக்கம் சறுக்கும். கண்ணால் பார்த்து சென்டர் பஞ்ச் அடித்தால் அரை மில்லி பிசகுவது சுலபம். இதற்கு மிக நல்ல வழிகாட்டி மேனிஃபோல்டிலேயே இருக்கிறது. மற்ற நட்டுகளால் மேனிஃபோல்டைத் திரும்பப் பூட்டுங்கள். லேத் பட்டறையில் ஒரு புஷ் (சின்னக் குழாய்த்துண்டு) கடைந்து வாங்குங்கள். வெளிவிட்டம் மேனிஃபோல்டின் ஃபிளேஞ்ச் (ஹெட்டோடு சேரும் தட்டு) ஓட்டைக்குச் சரியாக, உள்விட்டம் 4 மில்லி. அந்த ஓட்டையில் புஷ்ஷைச் செருகி, அதன் வழியே டிரில்லை விட்டால் நடுவும் செங்குத்தும் தானாக அமையும். லேத்தில் கொடுக்கும் கூலி ஒரு ஈஸி-அவுட் பெட்டியின் விலையைத் தாண்டாது. இந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பவர்கள்தான் பின்னால் ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதில் வைக்கும் கம்பிச் சுருள்) போட நேர்கிறது.

வரிசை 4, 5, 6.5 மில்லி. 4 மில்லிக்கு நிமிஷத்துக்கு 1,200 சுற்று, 6.5-க்கு 700 சுற்றுக்கு மேல் வேண்டாம். கட்டிங் ஆயிலை விட்டுக்கொண்டே, சுருள் தூள் வரும் அளவுக்கு அழுத்தம் கொடுங்கள். அழுத்தம் குறைந்து டிரில் தேய்த்தால் ஸ்டட்டின் மேல்பகுதி கெட்டிப்படும். டிரில்லில் ஆழத்துக்கு ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வையுங்கள். பல ஹெட்டுகளில் ஓட்டைக்குப் பின்னால் தண்ணீர் ஜாக்கெட் இருக்கிறது. M8 பெண் மரையின் (ஓட்டைக்குள் வெட்டிய மரையின்) உள்விட்டம் 6.65 மில்லி என்பதால், நடு சரியாக இருந்தால் 6.5 மில்லியில் மெல்லிய மரைச் சுருள் மட்டுமே மிஞ்சும். கூர்மையான ஸ்கிரைபரால் நுனியை உள்பக்கம் மடக்கிப் பிளையரால் இழுத்தால் சுருளாகவே கழன்று வரும்.

ஸ்பார்க் எரோஷன் சேவை

ஈஸி-அவுட்டோ டேப்போ உள்ளே முறிந்துவிட்டால் நேராக இங்கே போங்கள். மின்பொறியால் உலோகத்தைத் துளித்துளியாக அரித்தெடுக்கும் இயந்திரம் இது. தொழிற்சாலை அச்சுகள் செய்யும் டூல்ரூம்களில் இருக்கும். கோயம்புத்தூர், சென்னை அம்பத்தூர், ஓசூர் போன்ற இடங்களில் கூலிக்குச் செய்யும் பட்டறைகள் உண்டு. கடினத்தன்மை இதற்கு ஒரு பொருட்டில்லை. டிரில் வழுக்கும் ஈஸி-அவுட்டும் சாதாரண எஃகும் அதற்கு ஒன்றுதான். டிரில்லைப்போல அழுத்தமும் இல்லை என்பதால் மரைக்கு அடி விழாது.

ஹெட்டைக் கழற்றி எடுத்துப்போக வேண்டியிருப்பதுதான் இதன் விலை. கேஸ்கெட், லேபர் எல்லாம் அதோடு சேரும். கொடுக்குமுன் ஆபரேட்டரிடம் மூன்று விஷயம் பேசுங்கள். ஸ்டட்டின் பெயர், அளவு, பிட்ச்: M8 என்றால் எலக்ட்ரோடு 6 மில்லியைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் பொறி எலக்ட்ரோடைவிடக் கொஞ்சம் அகலமாகவே அரிக்கும். ஆழம்: முறியாத பக்கத்து ஸ்டட்டைக் கழற்றி அளந்து எழுதிக்கொடுங்கள். நிறுத்தும் விதம்: ஃபிளேஞ்ச் முகம் மேசைக்குச் சரிமட்டமாக இருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் மிஞ்சிய சுருளைக் குத்தி எடுத்து, கரித்தூளும் மண்ணெண்ணெயும் போக எல்லா ஓட்டைகளையும், குறிப்பாக எண்ணெய் வழிகளை, நன்றாகக் கழுவ வேண்டும். இதைப் பட்டறை செய்யாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முயல வேண்டாத ஒன்றையும் சொல்லிவிடலாம். சூடான படிகாரக் கரைசல் அலுமினியத்தை அதிகம் தொடாமல் எஃகை மெதுவாகக் கரைக்கும் என்பது உண்மை. தெர்மோஸ்டாட் மூடி மாதிரி வெறும் அலுமினியத் துண்டில் முறிந்த டேப்பை ஓரிரு நாள் ஊறவைத்து எடுக்கலாம். ஹெட்டில் வால்வ் சீட், கைடு, டவல் பின் எல்லாம் இரும்பு, எஃகு. படிகாரத்துக்கு ஸ்டட் எது, சீட் எது என்று தெரியாது. முழு ஹெட்டை அதில் இறக்காதீர்கள்.

மரையும் புது ஸ்டட்டும்

ஸ்டட் வந்ததும் டேப்பை எடுக்காதீர்கள். டேப் உலோகத்தைச் சீவும். 1.25 பிட்ச் மரையைச் சுத்தம் செய்யும் சேஸரை விட்டு, காற்றடித்துத் தூளை வெளியேற்றினால் போதும். மரை போயிருந்தால் M8 ஹெலிகாயிலுக்கு 8.3 மில்லி டிரில், அதற்கென்று வரும் தனி டேப், 12 மில்லி நீளச் சுருள். சுருளின் மேல்நுனி முகத்துக்குக் கால் சுற்றாவது கீழே நிற்க வேண்டும். ஹெட் மெல்லியதாக இருந்தாலோ ஸ்டட்டை அடிக்கடி கழற்ற வேண்டியிருந்தாலோ டைம்-செர்ட் மாதிரியான கெட்டிப் புஷ் நல்லது. அதற்குக் காலர் உட்காரும் பள்ளமும் வெட்ட வேண்டும், விலையும் அதிகம். டிரில் பிசகி ஓட்டை நீள்வட்டமான இடத்தில் ஹெலிகாயில் நிற்காது. கெட்டிப் புஷ்ஷோ, அலுமினிய டிக் வெல்டிங்கால் நிரப்பி மறுபடி துளைப்பதோதான் வழி.

புது ஸ்டட்டை அலுமினியத்தில் கைவிரலால் முழுக்க இறக்கி, லேசாக மட்டும் நிறுத்துங்கள். இறுக்கம் முழுவதும் நட்டில்தான் வர வேண்டும். நட் பக்க மரையில் சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் மெல்லப் பூசுங்கள், செம்பு வகை போதும். பூசினால் உராய்வு குறைவதால் உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை (இறுக்கும் முறுக்கை) கால் பங்காவது குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 33 நியூட்டன் மீட்டர் என்ற கணக்கு மறுபடி எதிரே வந்து நிற்கும். ஸ்டெயின்லெஸ் நட்டைத் தவிருங்கள், அது ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டோடு உராய்ந்து பற்றிக்கொள்ளும். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக. எஞ்சின் ஒரு முறை முழுக்கச் சூடாகி ஆறிய பின் ஓரத்து நட்டுகளை டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை பாருங்கள்.